ஒற்றைப் பூட்டு

எதைச் செய்யாதே என்று எழுதிப் போட்டாலும் அதைச் செய்ய என் கொழுந்தனுக்குக் கை துறுதுறுக்கும். நான் வேலை செய்யும் நீர்த்தேக்கத்தின் வாசலில் ஆளுயரப் பலகை இருக்கிறது. நீச்சல், படகு, முக்குளிப்பு எல்லாம் தடை. போன விடுமுறையில் அண்ணனும் தம்பியும் கடற்கரையில் ஸ்கூபா கற்றுக்கொண்டு வந்ததிலிருந்து இவனுக்கு அந்தப் பலகையைக் கண்டால் இளக்காரம்.

"கடல்லயே இறங்கியாச்சு அண்ணி. குடிக்கிற தண்ணி என்ன பண்ணிடும்?" என்பான்.

என் வீட்டுக்காரர் மட்டும் வாயே திறக்க மாட்டார். இன்னொரு தடவை சிலிண்டரை முதுகில் கட்டினால் வீட்டுப் படி ஏறாதீர்கள் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

தடை எதற்கென்று எனக்குத் தெரியும். நான் பம்ப் ஆபரேட்டர். கரையை ஒட்டித் தண்ணீருக்குள் நிற்கும் கோபுரத்தின் அடியில் ஓர் இரும்புக் கம்பித் தடுப்பு. ஊர் குடிக்கும் தண்ணீர் அதன் வழியாகத்தான் போகிறது. பம்ப் ஓடும்போது மேலே ஒரு சலனமும் தெரியாது; கீழே ஒரு மாட்டையே இழுத்து ஒட்ட வைத்துவிடும். தடுப்பைச் சுத்தம் செய்ய வரும் முக்குளிப்பவர்கள் முதலில் பம்பை நிறுத்தச் சொல்வார்கள். பிறகு ஆளுக்கொரு பூட்டை சுவிட்சில் மாட்டி, சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். அவர்கள் தனியாக இறங்குவதே இல்லை, அதனால் எப்போதும் இரண்டு பூட்டு தொங்கும். இரண்டு சாவியும் மேலே வரும்வரை எந்த அதிகாரி தலைகீழாக நின்றாலும் பம்ப் ஓடாது.

அன்று விடுமுறை நாள். எனக்கு டியூட்டி. வீட்டு ஆட்கள் சாப்பாடு கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்கள். கொழுந்தன் மனைவி மட்டும் தூக்குடன் பம்ப் அறைக்குள் வந்தாள்.

"மத்தவங்க எங்க?"

"உங்க வீட்டுக்காரர் கார்ல தூங்குறாரு. இவரு..." சிரிப்பை அடக்கினாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. அந்தப் பாறைக்குப் பின்னாடி இறங்கிட்டாரு. சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுறேன்னாரு."

என் காலடியில் பம்ப் உறுமிக்கொண்டிருந்தது.

வெளியே ஓடினேன். முக்குளிப்பவனின் குமிழ்கள் அவன் போகும் பக்கமெல்லாம் நகரும். இவை கோபுரத்தின் அடியில் ஒரே இடத்தில் நின்று பொங்கிக்கொண்டிருந்தன. தடுப்பில் ஒட்டிக்கொண்டுவிட்டான். திரும்பி ஓடி பம்பை நிறுத்தினேன். என் அலமாரிப் பூட்டைக் கழற்றி, சுவிட்சில் மாட்டி, சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

உடனே போன் அடித்தது. தலைமை அலுவலகம்.

"ஏம்மா நிறுத்தினே? ஆஸ்பத்திரி டேங்க் ஏற்கெனவே அடிமட்டத்துல இருக்கு!"

"உள்ள ஆள் இருக்கு சார்."

"யாரு அனுமதி குடுத்தா?"

"அதை அப்புறம் பேசலாம் சார்," என்று வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. மறுபடியும் அடித்தது.

வெளியே வந்தேன். ஓரகத்தி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கடவுளே, இந்தத் தறுதலையை மட்டும் மேலே அனுப்பிவிடு, வாழ்நாள் பூராவும் திட்டாமல் இருக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டி முடிப்பதற்குள் தலை தெரிந்தது. கோபுரத்து ஏணியைப் பிடித்துத் தொங்கியபடி தண்ணீரையும் மூச்சையும் சேர்த்துக் கக்கினான். ஒரு வார்த்தை பேச முடியவில்லை. கையை மட்டும் ஆட்டினான். நன்றி சொல்கிறான் என்று நினைத்தேன்.

"எருமை! ஏறி வாடா, இருக்கு உனக்கு!" என்று கத்தினேன். வேண்டுதல் அங்கேயே காற்றில் போயிற்று.

போன் விடாமல் அடித்தது. உள்ளே போய் பூட்டைத் திறந்து பம்பைப் போட்டேன்.

வெளியிலிருந்து ஓரகத்தி அலறிய அலறலை இப்போதும் என்னால் கேட்க முடிகிறது.

"அக்கா, போடாதீங்க! உங்க வீட்டுக்காரரும் உள்ளதான் இருக்காரு! உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாருக்கா!"

ஜன்னல் வழியே பார்த்தேன். கோபுரத்தின் அடியில், அதே இடத்தில், குமிழ்கள்.

நிறுத்தினேன். எப்படி நிறுத்தினேன் என்று தெரியாது. என் சுண்டு விரல் நகம் பெயர்ந்திருந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தேன். வெளியே ஓடி வந்தேன். கொழுந்தன் ஏணியிலிருந்தபடி, "அண்ணன் எனக்கு முன்னாடியே வந்துட்டான்னு நினைச்சேன் அண்ணி. மேல காணோம்னுதான் கையை ஆட்டினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். குமிழ்கள் குறைந்தன. ஒன்றிரண்டாயின. பிறகு மெல்ல ஏணிப் பக்கம் நகர்ந்தன.

நானும் கொழுந்தனும் சேர்ந்து அவரை இழுத்துப் போட்டோம். உதடு நீலம் பூத்திருந்தது. தோள்பட்டையில் கம்பித் தடுப்பின் கோடுகள் வரிசையாகப் பதிந்திருந்தன. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மூச்சு சீரானதும் பேசினார்.

"முதல்ல இழுப்பு விட்டுடுச்சு. தம்பி மேல போயிட்டான். என் வாரு கம்பியில சிக்கியிருந்துச்சு, நிதானமா கழட்டிட்டு இருந்தேன். பம்ப் நின்னுடுச்சு, நீ பார்த்துட்ட, இனிமே பயமில்லைன்னு நினைச்சேன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் எதுக்கு மறுபடியும் இழுத்துச்சு? யாரு போட்டது?"

அவர் பிடித்திருந்த கைக்குள் சாவி இருந்தது.

"நான்தாங்க," என்றேன்.