தேயிலைக்குப் போடும் மாவு

“என் பேரு சுதேஷ். வயசு இருபத்திமூணு. அஞ்சாம் லயத்துக் கறுப்பையாவோட மகன். இப்ப கண்டியில, நான் வேலை செய்ற கர்ட்டன் கடையில இருந்து பேசுறேன்.”

கைப்பேசியை ஒரு துணிச் சுருளில் சாய்த்து வைத்து, குனிந்து நின்று சுதேஷ் சொல்லச் சொல்ல, அதில் எழுத்து ஓடியது. விரலால் எழுத வழியில்லை. முழங்கை வரை உப்புத் தண்ணீர், நகக்கண்ணெல்லாம் வெள்ளைச் சேறு. அப்பாவின் போனோ அணைந்து கிடந்தது. வழியில் வேண்டுமே என்று பற்றரியை மிச்சம் பிடிக்கிறார். அப்புத்தளைப் பக்கத்தில் அவர்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவுக்குத்தான் அனுப்ப வேண்டும். யார் கண்ணில் முதலில் படுமோ தெரியாது. அதனால்தான் பெயரிலிருந்து தொடங்கினான்.

இத்தனை அவசரத்துக்கும் காரணம் ஒன்றே ஒன்று. விடிந்ததும் அப்பா கண்டிக்கு பஸ் ஏறப் போகிறார், முதலாளியிடம் மன்னிப்புக் கேட்க.

கடை வாசலில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருக்கிறது. உள்ளே உப்புத் தண்ணீர், நாலைந்து மீன்கள், உயிருள்ள பவளங்கள். இத்தனை மலைக்கு நடுவே ஒரு துண்டுக் கடல். முதலாளி சுரேஸின் ஆசை அது. கர்ட்டன் வாங்க வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். வீடு வீடாகப் போய் ஜன்னல் அளப்பதோடு, தொட்டியைப் பார்ப்பதும் சுதேஷின் வேலை.

பவளம் தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்ளும் பிராணி. அதற்கு வேண்டிய கல்சியத்தைத் தண்ணீரிலிருந்தே எடுக்கும். மக்னீசியம் குறைந்தால், விடுகிற கல்சியமும் தண்ணீரில் நிற்காமல் சுண்ணாம்பாய்ப் படிந்துவிடும். போன வாரம் தண்ணீரைச் சோதித்தபோது இரண்டுமே குறைவென்று காட்டியது. மீன் கடை துஷ்யந்தி அக்காவிடம் ஓடினான். அவள் தட்டிலிருந்து மூன்று போத்தல்களை இறக்கி, ஒன்றை மட்டும் திரும்பவும் மேலே வைத்தாள்.

“எல்லாம் கலந்தது ஒனக்கு வேணாம் தம்பி. ஒன் தொட்டியில ரொம்பக் கொறஞ்சிருக்கிறது மக்னீசியம். தனித்தனியா வாங்கு. மொதல்ல மக்னீசியம், பொறகு கல்சியம். அதையும் கொஞ்சங் கொஞ்சமா ஏத்து. பசிச்ச புள்ளைக்கு ஒரே வேளையில பத்து வேளைச் சோறு ஊட்டுவியா?”

முதலாளியிடம் கேட்டுவிட்டு வாங்குகிறேன் என்று வந்தவன், வீட்டுக்குப் பேசும்போது இதையும் சொல்லிவிட்டான். அந்தப் பக்கம் அப்பா சிரித்தார். “அட, கல்சியமும் மக்னீசியமுந்தானா? தேயிலைக்குப் போடுற டொலமைட்டு மாவுல ரெண்டும் இருக்கே. நம்ம கரட் பாத்திக்கு வாங்குனது மீதி கெடக்குது.” வேண்டாம் என்று சுதேஷ் சொல்லி முடிப்பதற்குள், பஸ் கண்டக்டர் கையில் ஒரு பை ஏறிவிட்டது. கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் அதை வாங்கும்போது அவனுக்குச் சிரிப்பு வந்தது. கொண்டுவந்து கடையின் பின்பக்கம் வைத்தான்.

சுரேஸ் அதைப் பார்த்துவிட்டார். பையில் அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“ரெண்டு போத்தல் கேட்டியே, ரெண்டும் ஒரே பையில கெடக்குடா.”

“அது மண்ணுக்கு மொதலாளி. தோட்டத்து மண்ணு புளிச்ச மண்ணு, அதுல மெல்லக் கரையும். கடல் தண்ணியில அந்தப் புளிப்பு இல்ல. கரையாம மாவா நிக்கும். பவளத்து மேல படிஞ்சா மூச்சடைச்சிரும்.”

“ஓ, தோட்டத்துத் தொரைமாரு சொல்லிக் குடுத்தாங்களாக்கும்.”

இன்று காலை வத்தேகமவில் ஒரு வீட்டுக்கு ஜன்னல் அளக்கப் போய்த் திரும்பினால், தொட்டி கஞ்சிப் பானையாக இருந்தது. பவளங்கள் எல்லாம் சுருங்கிக் கிடந்தன. மீன்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பக்கத்தில் மாவு ஒட்டிய தேத்தண்ணிக் கோப்பை. வாடிக்கையாளர்கள் கேட்கும்படி முதலாளி தொடங்கிவிட்டார்.

“பாருங்க, தோட்டத்து வேலைய இங்க காட்டியிருக்கான்.”

காசு மேசையில் இருந்த ருஷ்தா தலையை நிமிர்த்தினாள். “நீங்க தானே கோப்பையால அள்ளிப் போட்ட. நான் கண்ட தானே.”

“நீ பில்லப் பாரு.”

அதோடு விட்டிருந்தால் சுதேஷ் பொறுத்திருப்பான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது அவனுக்குப் புதிதில்லை. ஆனால் சுரேஸ் போனை எடுத்து அப்பாவையே கூப்பிட்டார், எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு.

“கறுப்பையா, நீங்க அனுப்புன மண்ணு என் தொட்டியக் கொன்னுருச்சி. தோட்டக்காட்டுப் புத்தி எங்க போகும்?”

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடு ஒன்றில் பிறந்த தகப்பனின் மகன்தான் சுரேஸும்; அவர் பேசுகிற பேச்சு இது. அப்பாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

“மன்னிச்சிருங்க தொரை. நாளைக்கே நேர்ல வந்து கால்ல விழுறேன். பயல வேலைய விட்டு எடுத்துறாதீங்க.”

தொரை. கர்ட்டன் விற்கிற மனிதரை, தோட்டத்து மேலாளரைக் கூப்பிடுவதுபோல், அப்பா தொரை என்றார். கடையில் நின்ற பெண்ணொருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுதேஷுக்குக் காது இரண்டும் கொதித்தன.

“மொதலாளி, போட்டது நீங்க. எங்கப்பாவுக்குத் திரும்ப எடுத்து அதச் சொல்லுங்க.”

“சொல்லாட்டி?”

“நான் சொல்லுவேன்.”

“சொல்லிட்டு அப்படியே ஒன் பையையும் தூக்கிக்கிட்டுப் போ.”

தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. முதலாளியின் வாய்க்குப் பவளம் என்ன செய்யும்? அவர் சாப்பாட்டுக்குப் போனதும் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினான். ருஷ்தா வாளியில் உப்பைக் கரைத்துத் தர, வெள்ளைத் தண்ணீரைக் குழாயால் இழுத்து வெளியே விட்டுப் புதியதை ஊற்றினான்; பவளங்களின் மேல் படிந்ததை மெல்ல விசிறி விசிறிக் கலைத்தான். கோமாளி மீன் ஒன்று கீழே இறங்கிப் போனது. மற்றவை பிழைக்குமா என்பது நாளைக்குத்தான் தெரியும்.

“ஒங்கட வாப்பாக்கு முதல்ல சொல்லுங்க தம்பி. தொட்டிய நான் பாக்குற” என்றாள் ருஷ்தா.

அதனால்தான் இப்போது துணிச் சுருளுக்கு முன்னால் குனிந்து நின்றான். பெயரைச் சொல்லியாயிற்று, மிச்சத்தையும் சொன்னான்.

“அப்பா மேல ஒரு தப்பும் இல்ல. அப்பா அன்பா அனுப்புனாரு. நான் போட வேணாம்னு சொல்லியும் மொதலாளிதான் போட்டாரு, பாத்த ஆளு இருக்கு. வேலை போனா வேற வேலை தேடிக்கலாம். எங்கப்பா யாரு கால்லயும் விழ வேண்டியதில்ல. இத வாசிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி, இப்பவே அஞ்சாம் லயத்துக்குப் போயி அவருகிட்ட வாசிச்சுக் காட்டுங்க. காலையில அவர பஸ் ஏற விடாதீங்க.”