நாலு விரற்கடை

கச்சேரி ரோட்டில் மெஹபூப் அலியின் மரச்சாமான் கடைக்குள் காஸ்பர் வாத்தியார் நுழைந்தபோது கையில் அடிக்கோல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறவர். எதையும் அளந்து பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். ஆனால் அன்றைக்கு அவர் அளந்த அளவில் கடைக்காரருக்கே அலுத்துவிட்டது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் குழந்தையின் தலை நுழையுமா என்று பார்த்தார். குனிந்து கால்களை ஆட்டினார். உரிந்தால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளுமே என்று பெயிண்டை நகத்தால் சுரண்டினார். மூன்று குழந்தைக் கட்டில்களை இப்படிக் கழித்துக் கட்டியாகிவிட்டது.

"இன்னா சார், பொண்ணுக்கு மாப்ள பாக்குற மாதிரி பாக்குறீங்க!" என்றார் மெஹபூப் அலி. "கொயந்தை பொறந்து எத்தினி நாளாவுது?"

"நாலு நாள். பொம்பளப் புள்ள. ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வருது."

"அப்ப நான் சொல்றத கேளுங்க." ஒரு தேக்குக் கட்டிலைத் தட்டிக் காட்டினார். "இதுல ஒரு பக்கத்துக் கிராதி கீய எறங்கும். அம்மா கட்டிலோட ஒட்டிப் போட்டுக்கினா, கைய நீட்டி எடுத்துப் பால் குடுக்கலாம். கொயந்தைக்குத் தனி எடமும் ஆச்சு, அம்மா பக்கத்துலயே இருந்தா மாதிரியும் ஆச்சு."

"ரெண்டுக்கும் நடுவுல இடுக்கு விழுமே?"

அதைக் கேட்டுவிட்டு காஸ்பர் அடிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். மெஹபூப் அலி அதைக் கவனித்திருக்க வேண்டும், கிண்டலை விட்டுவிட்டார்.

"கொக்கி போட்டு இஸ்து மாட்டிட்றேன் சார். ஒரு வெரல்கூட நொழயாது. தனியா வெக்கிறதுன்னா நாலு பக்கமும் அடச்ச கட்டில் கீது. எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அதைத்தான் காஸ்பரால் சொல்ல முடியவில்லை.

"கட்டில் கூடத்துல கெடக்கட்டும், என் பக்கத்துல வேணாம்" என்று அவர் மனைவி மர்சலின் நேற்றே ஆஸ்பத்திரியில் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். பால் கொடுத்த மறு நிமிஷம் குழந்தையை நர்ஸிடம் நீட்டிவிடுகிறாள். நாலு நாளாகச் சரியான தூக்கமும் இல்லை. பெற்ற மகளைக் கண்டு பயப்படுகிற தாயை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள் நர்ஸ். மர்சலின் பயந்தது தன்னைக் கண்டு.

மூன்றரை வருஷத்துக்கு முன்னால், எழுபதாம் வருஷம் டிசம்பரில், அவர்களுடைய தலைப்பிள்ளை ஹென்றி ஐம்பது நாள்கூட நிறையாமல் இறந்துபோனான். மதியத் தூக்கத்தில், தாயின் பக்கத்தில். அசதியில் புரண்டு பிள்ளையை அமுக்கிவிட்டாள் என்று தெருப் பெண்கள் தங்களுக்குள் முடிவு கட்டினார்கள். மர்சலினும் அதையே நம்பினாள்.

நடந்தது காஸ்பருக்கு மட்டும்தான் தெரியும். கிறிஸ்துமஸ் வருகிறதென்று சாந்தோமில் அவர்கள் தெரு முழுக்க வெள்ளையடித்துக்கொண்டிருந்த வாரம் அது. காஸ்பரும் தன் கையாலேயே அடித்தார். ஈரச் சுண்ணாம்பு மெத்தையில் ஒட்டிவிடுமே என்று, சுவரை ஒட்டிக் கிடந்த கட்டிலை நாலு விரற்கடை இழுத்துப் போட்டார். காய்ந்ததும் தள்ளிவிடலாம் என்றிருந்தவர் மறந்துபோனார். குழந்தை கீழே விழாமல் இருக்க அதைச் சுவர்ப் பக்கம் படுக்க வைப்பது அந்த வீட்டு வழக்கம். அன்று மதியம் அறைக்குள் வந்தவர், மூச்சில்லாத பிள்ளையை அந்த இடுக்கிலிருந்துதான் எடுத்தார். மெத்தையில் கிடத்திவிட்டு அவர் அலறிய பிறகே மர்சலின் விழித்தாள். அவள் பார்த்தது தன்னை ஒட்டிக் கிடந்த பிள்ளையை.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். அடக்கம் முடியட்டும் என்று இருந்தார். பிறகு முப்பதாம் நாள் பூசை முடியட்டும் என்று இருந்தார். கோழைக்குச் சாக்கா கிடைக்காது? வருஷங்கள் ஓடிவிட்டன.

"கொஞ்சம் பொறுங்க பாய். கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று காஸ்பர் கடையை விட்டு இறங்கி, ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

மர்சலின் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை ஆஸ்பத்திரித் தொட்டிலில், அவள் கைக்கு எட்டாத தூரத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு விதமா கட்டில் இருக்கு" என்று ஆரம்பித்தார். "ஒண்ணு உன் கட்டிலோட சேத்துக் கொக்கி மாட்டுறது."

"கூடத்துலன்னு சொன்னேன்ல. திரும்பத் திரும்பக் கேக்காதீங்க. இதுவும் போயிட்டா நான் உசிரோட இருக்க மாட்டேன்."

"நீ புரளல, மர்சலின்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காஸ்பர் உட்காரவில்லை. நின்றபடியே, வெள்ளையடித்ததையும் கட்டிலை இழுத்ததையும் மறந்துபோனதையும் வரிசையாகச் சொன்னார். "ஹென்றி சுவத்துக்கும் கட்டிலுக்கும் நடுவுல கெடந்தான். நான்தான் எடுத்து உன் பக்கத்துல போட்டேன்." சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

"எவ்வளவு இடுக்கு?"

"நாலு விரக்கடை."

அவள் தன் வலது கை விரல்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"மாசா மாசம் கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்றப்போ, என் பிள்ளைய நானே கொன்னுட்டேன்னு சொல்லுவேன். அது பாவமில்லம்மான்னு சாமியார் சொல்லி அனுப்புவாரு. அடுத்த மாசமும் போயி அதையேதான் சொல்லுவேன். நீங்க எனக்குப் பின்னாடி வரிசையில நிப்பீங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்க முறை வந்தப்போ நீங்க என்ன சொன்னீங்க?"

அங்கேயும் காஸ்பர் இதைச் சொன்னதில்லை.

"புள்ளய எடுத்துக் குடுங்க."

கொடுத்தார். மர்சலின் குழந்தையை மார்போடு வாங்கிக்கொண்டாள். அதன் உச்சந்தலையில் முகத்தை வைத்த பிறகுதான் அவள் அழுதாள். காஸ்பர் அவள் தோளைத் தொடப் போனபோது விலகிக்கொண்டாள்.

"என் கட்டிலோட சேக்குற மாதிரியே வாங்குங்க. கொக்கிய நானே மாட்டிக்கிறேன்."

"சரி."

"நீங்க கூடத்துல படுத்துக்கங்க."