திமித்ரி திருநாள் தவணை

ஆகஸ்டு மாதம் ஸ்தெர்கியோஸ் வீட்டு முற்றத்தில், அத்தி மரத்துக்குக் கீழே, அந்தக் கைகுலுக்கல் நடந்தபோது யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு இல்லாத ஆளைச் சேர்த்து யாரும் கதை கட்ட முடியாது. வாங்குகிற பக்கம் மூன்று பேர்: செர்பியாவில் சாச்சாக் ஊரைச் சேர்ந்த விதோமிர் ஸ்தானொய்சிச், காலமான அவருடைய தம்பியின் மனைவி ரொசாந்தா, விதோமிரின் மகன் நெனாத். விற்கிற பக்கம் இரண்டு பேர்: கிரேக்கக் கடலோரத்தில் நிகிதி ஊர் ஸ்தெர்கியோஸ், அவர் மனைவி எவ்லாம்பியா. நடுவில் மொழிபெயர்த்தவள் லுபின்கா. செர்பியாவில் பிறந்து, கிரேக்கனைக் கட்டிக்கொண்டு, இருபது வருடமாக நிகிதியிலேயே இருப்பவள். ஒரு பூனையும் இருந்தது. அது சாட்சி சொல்லாது.

வீட்டின் விலை எண்பதாயிரம் யூரோ. கல்வீடு, பின்னால் கொஞ்சம் ஆலிவ் மரங்கள், மாடியில் நின்றால் கடல். அந்தப் பணம் விதோமிருடையது மட்டும் அல்ல. சாச்சாக்கில் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக இருந்த பிளம் தோட்டத்தை விற்ற பணம் அது. தம்பி போன பிறகு பாதி ரொசாந்தாவுடையது. மூட்டுவலியோடு சாச்சாக் பனியில் இன்னும் காலம் தள்ள முடியாது, கடலோரத்தில் இரண்டு அறை போதும் என்று கேட்டவளும் அவள்தான். "உன் பங்குக்கு நான் பொறுப்பு" என்று தம்பியின் கல்லறைக்கு முன்னால் நின்று விதோமிர் சொல்லியிருந்தார். அந்தக் குடும்பத்தில் ஒருவர் ஒன்றைச் சொன்னால் அதற்குமேல் பத்திரம் கிடையாது.

ஸ்தெர்கியோஸ் பத்தாயிரம் யூரோ முன்பணம் வாங்கிக்கொண்டு, தன் கையாலேயே ரசீது எழுதினார். மீதி எழுபதாயிரம் புனித திமித்ரி திருநாளுக்குள் வர வேண்டும். வராவிட்டால் முன்பணம் அவருக்கு. வீட்டை வேறு யாருக்கும் விற்கலாம். அவர் பின்வாங்கினால் முன்பணத்தை இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். குத்தகையும் கூலியும் திமித்ரி திருநாளில் தீர்ப்பது இரண்டு நாட்டிலும் பழைய வழக்கம்தான். போதாததற்கு, ஸ்தானொய்சிச் குடும்பத்தின் காவல் புனிதரும் திமித்ரியே. வருடத்துக்கு ஒருமுறை அவர் நாளில் மெழுகுவர்த்தி ஏற்றி, ரொட்டி வெட்டி, அழைக்காமலே வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சோறு போடுகிற வீடு அது.

"அப்பா, தேதியும் எழுதச் சொல்லலாம்" என்றான் நெனாத்.

"திமித்ரி நாள் எப்பன்னு தெரியாதவனுக்குத்தான்டா தேதி வேணும்" என்றார் விதோமிர்.

லுபின்கா அதை மொழிபெயர்த்ததும் ஸ்தெர்கியோஸ் மேசையில் தட்டிச் சிரித்தார். "சரியாச் சொன்னாரு! தேதி போட்டா புனிதருக்கே கோவம் வரும்."

இருவரும் கைகுலுக்கினார்கள்.

தோட்டத்தை வாங்கியவர் பணத்தைச் செர்பியத் தினாராகச் சாச்சாக் வங்கியில் போட்டார். அதை யூரோவாக மாற்றி, நிகிதியில் விதோமிர் பெயரில் தொடங்கிய கணக்குக்கு அனுப்ப வேண்டும். அந்த வங்கி கொடுக்கும் காசோலை நோட்டரியின் மேசையில் கைமாறும். வழி அவ்வளவுதான். ஆனால் சாச்சாக் வங்கி அதிகாரி யாகொதா சொன்ன விலை விதோமிருக்குப் பிடிக்கவில்லை. யூரோவுக்கு அரை தினாராவது குறைக்க வேண்டும் என்றார். யாகொதா கால் தினார் இறங்கினாள். விதோமிர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். நவம்பர் எட்டாம் தேதிதானே திருநாள், அவசரப்படுகிறவனுக்குத்தான் விலை ஏறும் என்று அக்டோபர் முழுவதும் பேசாமல் இருந்தார்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் லுபின்காவிடமிருந்து தொலைபேசி வந்தது.

"மாமா, பணம் கிளம்பிடுச்சா? வியாழக்கிழமை எவ்லாம்பியா உங்களுக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறா."

"வியாழக்கிழமை என்ன விசேஷம்?"

"திமித்ரி திருநாள், வேற என்ன?"

"உனக்கு என்ன பைத்தியமா? அதுக்கு இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல கிடக்கு."

லுபின்கா மெதுவாக, "ஐயோ, மாமா" என்றாள்.

கிரேக்கத் திருச்சபை புது நாட்காட்டிக்கு எப்போதோ மாறிவிட்டது. செர்பியர்கள் பழையதை விடவில்லை. அதனால் ஒவ்வொரு புனிதரும் கிரேக்கர்களிடம் பதின்மூன்று நாள் முன்னதாகவே வந்துவிடுகிறார். இது விதோமிருக்குத் தெரியாததா? கிரேக்கர்களுக்குக் கிறிஸ்துமஸ் முன்னால் வருவது சாச்சாக்கில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் கை குலுக்கும்போது அவர் மனதில் இருந்தது தன் வீட்டு மெழுகுவர்த்தி. மற்றவர் மனதிலும் வேறு மெழுகுவர்த்தி இருக்கும் என்று தோன்றவில்லை.

"நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"இருபது வருஷமா எனக்கும் ஒரே திமித்ரிதான் மாமா, இந்த ஊர் திமித்ரி. இன்னொண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. ஒரு ஜெர்மன்காரர் ரெண்டு தடவை வந்து வீட்டைப் பார்த்துட்டுப் போயிட்டாரு. எட்டாயிரம் கூடத் தர்றாராம்."

விதோமிர் தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்தார். ரொசாந்தாவிடம் அவரே சொன்னார். வேறு யாரும் சொல்லி அவளுக்குத் தெரியக் கூடாது.

அவள் அழவில்லை. "அரை தினாருக்கு என் வீடு போச்சா, அத்தான்?" என்று மட்டும் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை வங்கிக் கதவு திறக்கும் முன்பே மூவரும் வாசலில் நின்றார்கள்.

யாகொதா சாவியைத் திருப்பிக்கொண்டே, "அட, மாமா! இன்னிக்கு எவ்வளவு குறைக்கணும்?" என்றாள்.

"குறைக்க வேண்டாம். இன்னிக்கு என்ன விலையோ அதுக்கே மாத்து. இப்பவே அனுப்பு."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு யாகொதா சிரிப்பை நிறுத்தினாள். மாற்றுவது சுலபம், அனுப்புவதுதான் கஷ்டம் என்றாள். வெளிநாட்டில் வீடு வாங்கப் பணம் போகிறது என்றால் ஒப்பந்தம் வேண்டும், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் முத்திரையோடு. தோட்டம் விற்றதற்கு வரி கட்டிய சீட்டு வேண்டும். பாதிப் பணம் இன்னொருவருடையது என்றால் அவர் சம்மதமும் வேண்டும்.

"பணம் எங்கிருந்து வந்ததுன்னு காட்டணும், மாமா."

"என்னைத் திருடன்னு சொல்றியா?"

"எல்லாரையும்தான் கேக்கறோம்."

"எல்லாரும் நானா?"

"அத்தான்," என்றாள் ரொசாந்தா, "முறுக்கிக்கிறதெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். தாளை எடுத்துக் காட்டுங்க."

யாகொதா ஸ்தெர்கியோஸின் ரசீதைப் புரட்டிப் பார்த்தாள். "இதுல கெடு தேதி இல்லையே?"

நெனாத் ஜன்னலைப் பார்த்தான்.

மொழிபெயர்ப்பாளர் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். அன்றைய பொழுது அதிலேயே போயிற்று. சாயங்காலம் நெனாத் ஒரு யோசனையோடு வந்தான். நிஷ் நகரத்தில் ஒருவர் இருக்கிறார். தினாரை அவரிடம் கொடுத்தால், ஒரு மணி நேரத்தில், நிகிதிக்குப் பக்கத்துப் பெருநகரமான தெசலோனிகியில் ஒரு தோல் கடையில் யூரோவாக எடுத்துக்கொள்ளலாம்.

"அதாவது உண்டியல், ஹவாலா" என்றார் விதோமிர்.

"எல்லாரும் பண்றதுதான், அப்பா."

"எனக்கு வீடுதான் வேணும்" என்றாள் ரொசாந்தா. "எந்த வழியா வந்தா என்ன?"

"நம்ம வீட்டுப் பணம் வாசல் வழியாத்தான் போகும்."

"நீங்க வாசல்லயே நில்லுங்க. வீடு கொல்லைப்பக்கமா ஜெர்மன்காரன்கிட்ட போயிரும்."

"நோட்டரி கேட்டா எங்கிருந்து வந்ததுன்னு என்ன சொல்லுவே? தம்பி பேரை அந்தத் தோல் கடையில கொண்டு போய் வைக்கச் சொல்றியா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்குச் சம்மதம் என்று பொருள் இல்லை. தன் பங்கு முன்பணமான ஐயாயிரமும், கடல் தெரிகிற இரண்டு அறையும் கையை விட்டுப் போவதை அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். விதோமிருக்கும் அது தெரிந்தது.

புதன்கிழமை மதியம்தான் எல்லாத் தாள்களிலும் முத்திரை விழுந்தது. அன்றைக்கு அனுப்பும் நேரம் முடிந்துவிட்டது என்றாள் யாகொதா. மறுநாள் காலையில் பணம் கிளம்பும். ஆனால் தெசலோனிகிப் பக்கம் மறுநாள் புனிதர் நாள், வங்கி மூடியிருக்கும். சனிக்கிழமை அவர்கள் தேசிய நாள். அடுத்த வாரம் வந்து சேர்ந்தால் பெரிய விஷயம்.

"பணம் அதுபாட்டுக்குப் போகட்டும்" என்றார் விதோமிர். "நாம முன்னாடி போவோம்."

நெனாத்தின் பழைய ஸ்கோடா காரில் மூவரும் கிளம்பினார்கள். விதோமிர் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார்; உள்பையில் வங்கி கொடுத்த சீட்டு. இரண்டு எல்லைகளிலும் கடவுச்சீட்டை நீட்டியதைத் தவிர அவர் வாய் திறக்கவில்லை. யாரிடமும் தவணை கேட்டுப் பழக்கம் இல்லாதவர் அவர். கேட்பது எப்படி என்று வழி முழுவதும் யோசித்தும் ஒரு வாக்கியம்கூட அமையவில்லை.

வியாழக்கிழமை மதியம் ஸ்தெர்கியோஸ் வீட்டு முற்றத்தில் அதே மேசை போட்டிருந்தது. ஆட்டுக்கறியும் கத்தரிக்காயும் வாசனை வீசின. லுபின்காவும் வந்திருந்தாள். எவ்லாம்பியா இழுத்துப்போட்ட நாற்காலியில் விதோமிர் உட்காரவில்லை.

"பணம் வந்துச்சா?" என்று கேட்டார் ஸ்தெர்கியோஸ்.

"கிளம்பிடுச்சு. வரல."

ஸ்தெர்கியோஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "தாள்ல திமித்ரி நாள்னு எழுதியிருக்கு. இன்னிக்குத்தான் திமித்ரி நாள். ஜெர்மன்காரர் சாயங்காலம் வர்றாரு. நான் என்ன பண்ணட்டும்?"

விதோமிர் ரசீதை எடுத்து மேசைமேல் வைத்தார். "வீடு உங்க ஊர்ல இருக்கு. அதனால நாளும் உங்க நாள்தான். தவறினது நான். முன்பணம் உங்களோடது. தம்பி மனைவியோட பங்கை என் கையிலிருந்து நான் கட்டிக்கொடுப்பேன்."

லுபின்கா மொழிபெயர்க்கவில்லை. "மாமா, இதை நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லு."

"சொல்லாதே!" என்று ரொசாந்தா எழுந்தாள். "எந்தக் கையிலிருந்து கட்டுவீங்க, அத்தான்? தோட்டம்தான் போயிடுச்சே? உங்க பாதிக்கு நீங்க விறைப்பா நில்லுங்க. என் பாதிக்கு நான் பேசிக்கிறேன்."

அவள் மேசையில் ஓங்கி அடித்தாள். தட்டுகள் குலுங்கின. ரசீது நழுவி ஸ்தெர்கியோஸின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. விதோமிர் குனிந்து அதை எடுத்தார். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த ஒரு செர்பியத் தம்பதி, சத்தம் கேட்டு, அந்த நேரம் பார்த்துத்தான் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்கள்.

"அவர்கிட்ட கேளு லுபின்கா" என்றாள் ரொசாந்தா. "ஆகஸ்டுல புனிதர் பேரைச் சொல்லித்தானே கை குலுக்கினாரு? எங்க வீட்ல மெழுகுவர்த்தி ஏத்துறதும் அதே ஆளுக்குத்தான். அவர் இன்னும் எங்க ஊருக்கு வந்து சேரல, வழியில இருக்காரு. பணமும் வழியிலதான் இருக்கு. இன்னிக்கு அவர் பேர்ல ஆடு அறுத்துட்டு, ஒரு விதவையோட காசையும் எடுத்துக்கிட்டா, அந்தக் கறி தொண்டையில இறங்குமா?"

லுபின்கா இதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். கொஞ்சம் சேர்த்தும் சொல்லியிருக்கலாம். அவ்வளவு நேரம் பேசினாள். எவ்லாம்பியா கணவனைப் பார்த்த பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஸ்தெர்கியோஸ் மீசையைத் தடவிக்கொண்டு விதோமிரிடம் திரும்பினார். "உங்க பையன் அன்னிக்கே தேதி எழுதச் சொன்னான். நீங்கதான் விடல."

"நீங்களும்தான் விடல."

"அதுவும் உண்மைதான்."

கடைசியில் ஸ்தெர்கியோஸ், "உங்க திமித்ரி வரைக்கும் பொறுக்கிறேன்" என்றார். "ஆனா இந்த வருஷத்து ஆலிவ் மொத்தமும் எனக்கு. அதுக்குள்ள பணம் வரலேன்னா முன்பணம் எனக்கு, வீடு ஜெர்மன்காரருக்கு. அப்புறம் யாரும் மேசையை உடைக்கக் கூடாது."

"ஒரு ஜாடி எண்ணெயாவது குடுங்க" என்றாள் ரொசாந்தா.

"ஒரே ஒரு ஜாடி."

விதோமிர் ரசீதை நீட்டினார். "இதுல தேதி எழுதுங்க."

ஸ்தெர்கியோஸ் எழுதினார். நவம்பர் எட்டு. அதன் பிறகுதான் விதோமிர் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

அதோடு முடிந்துவிடவில்லை. பணம் வரும் வரை மூவரும் நிகிதியிலேயே ஒரு விடுதியில் தங்கினார்கள். அடுத்த வாரம் நிகிதி வங்கியும் அதே கேள்வியைக் கேட்டது: இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? இம்முறை விதோமிர் முறுக்கிக்கொள்ளவில்லை. கேட்டதையெல்லாம் எடுத்துக் காட்டினார். தாள்கள் தலைமை அலுவலகத்துக்குப் போயின, பதில் வரவில்லை. ஜெர்மன்காரர் கடற்கரையில் நடை போவதை ரொசாந்தா தினமும் விடுதி ஜன்னலிலிருந்து பார்த்தாள். இங்கே கெடு தேதியாக இருந்த நாள்தான் சாச்சாக்கில் விதோமிர் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டிய நாள். தகப்பனார் இறந்ததிலிருந்து அவர் கை அல்லாமல் வேறு கை அதை ஏற்றியதில்லை. "நீ போய் ஏத்து" என்று நெனாத்திடம் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். நெனாத்தின் பையைக் கட்டி, வண்டியில் வைத்தும் ஆயிற்று. அப்போதுதான் வங்கியிலிருந்து ஆள் வந்தது. பணம் கணக்கில் ஏறியிருந்தது.

மறுநாள், நவம்பர் ஏழு, நோட்டரி பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்தார். லுபின்கா செர்பிய மொழியில் சொன்னாள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. காசோலை மேசையைக் கடந்து போனது, சாவி இந்தப் பக்கம் வந்தது. ரொசாந்தா சாவியைக் கையில் மூடிக்கொண்டு, "நான் இங்கேயே இருக்கேன், நீங்க போய்ப் புனிதரைக் கவனிங்க" என்றாள். மறுநாள் காலையில் சாச்சாக்கில் மெழுகுவர்த்தியை விதோமிர்தான் ஏற்றினார்.

விதோமிர் ஸ்தானொய்சிச் கிரேக்கன் காலில் விழுந்துதான் அந்த வீட்டை வாங்கினார் என்று சாச்சாக்கில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். விழுந்தது ரசீது. அவர் அதை எடுக்கக் குனிந்தார்.