ஐஸ் பெட்டியில் பிரேக்பாஸ்ட் டீ

குன்னூர் டீ ஃபேக்டரியை விட்டுத் திண்டிவனம் திரும்பியபோது என் கையில் ஒரு கலவை மட்டும் இருந்தது. நீலகிரித் தூளோடு கொஞ்சம் அஸ்ஸாம் தூள். பெயர் பிரேக்பாஸ்ட் டீ. பால் சேர்க்கவே கூடாது. சூடாகவும் குடிக்கலாம், ஐஸ் போட்டும் குடிக்கலாம். இதைச் சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பாலில்லாமல் குடிக்க ஏதாவது வேண்டுதலா என்றார்கள்.

என் மனைவி அக்னஸின் அண்ணன் சவுரிராயனுக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை காலியாகக் கிடந்தது. அது கிடைத்தால்தான் என் டீ பிழைக்கும். மனிதர் பிடிகொடுக்கவில்லை.

"தெருவுக்கே ஊத்து மாப்ள. ஞாயித்துக்கெழம விழுப்புரத்துலேர்ந்து வர்றேன். ஜனங்க நல்லாருக்குன்னா கடை உனக்கு. இல்லன்னா செல்போன் கடைக்கு உட்டுடுவேன்."

ஞாயிறு காலை வாசலில் பந்தல் போட்டு நாற்காலி பரப்பினேன். டீயைக் குளிர வைக்க, வாடகைக் கடை பாண்டுரங்கனிடம், "பெரிய ஐஸ் பொட்டி ஒண்ணு அனுப்புங்க" என்று போனில் சொல்லியிருந்தேன். இதில் என் தப்பு என்ன, நீங்களே சொல்லுங்கள்.

வந்தது கண்ணாடி மூடி போட்ட, ஆளைக் கிடத்துகிற பெட்டி. நான் கத்துவதற்குள் பாண்டுரங்கன் என் கையைப் பிடித்து, "மனச தேத்திக்குங்க சார்" என்று சொல்லி, பிளக்கைச் சொருகிவிட்டுப் போய்விட்டான். நல்லவேளை, பாலிதீன் உறைகூடப் பிரிக்காத புதுப் பெட்டி. கரண்டு போவதற்குள் குளிர வேண்டுமே என்று பாட்டில்களை அடுக்கி, வெயில் படாமல் மேலே வெள்ளை வேட்டியைப் போர்த்தினேன்.

பந்தல், பெட்டி, பாலில்லாத டீ. எங்கள் பக்கம் இதற்கு ஒரே அர்த்தம்தான், சாவு வீடு. எனக்குத்தான் உறைக்கவில்லை. வந்தவர்களும் போனது யார் என்று கேட்கவில்லை. கேட்பது மரியாதையில்லையாம்.

எதிர்வீட்டு முனியம்மாள் டம்ளரை வாங்கியதுமே மூக்கைச் சிந்தினாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"இன்னாத்த சொல்றது தம்பி. எப்ப எடுக்கறீங்க?"

"எங்க மச்சான் வந்ததும் எடுத்துடலாம்."

"ரொம்ப நேரம் வெச்சிருக்காதப்பா. வெயில் காலம்."

இவ்வளவு அக்கறையை நான் குன்னூரில்கூடப் பார்த்ததில்லை. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இரண்டாவது டம்ளர் கேட்டார்கள். சிலர் மாலையோடு வந்தார்கள். கடை திறப்பதற்கு முன்பே மாலையா என்று எனக்குப் புல்லரித்தது.

சமையல்கட்டில் அடுத்த டீயைக் கலக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரே ஓலம். வாசலில் என்னைக் காணாத சவுரிராயன் பெட்டிமேல் விழுந்து கிடந்தார்.

"கடை கடைன்னு கேட்டுக்கினே இருந்தியே மாப்ள! குடுக்காமலே சாவடிச்சுட்டேனே! எடுத்துக்க, அது உன்னுதுதான், சத்தியம்!"

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. டம்ளரோடு ஓடிவந்தேன்.

"ரொம்ப தாங்க்ஸ் மச்சான்! சூடா வேணுமா, ஐஸா?"

முனியம்மாள் அலறினாள். தனக்கு இவ்வளவு நேரம் டீ கொடுத்தது யார் என்று அப்போதுதான் யோசித்திருக்கிறாள். மச்சான் வேட்டியை விலக்கிப் பாட்டில்களைப் பார்த்தார். கண்ணைத் துடைத்தார். முகம் சிவந்துவிட்டது.

"அது செத்தவனுக்குக் குடுத்த கடை. உனக்கில்ல."

அடப்பாவி மனுஷா என்று எனக்கு வயிறு எரிந்தது. சமையல்கட்டிலிருந்து என் பின்னாலேயே வந்த அக்னஸ் டீத்தட்டைக் கீழே வைத்தாள்.

"பொட்டி முன்னாடி பண்ண சத்தியத்த மாத்தக் கூடாதுண்ணா."

"உள்ள பொணமே இல்லியேம்மா!"

அக்னஸ் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் மறுபேச்சு பேசியதில்லை. பாட்டில்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஏறிப் படுத்தேன். முதுகு ஜில்லென்றது. நெஞ்சின்மேல் கைகளைக் கோத்துக்கொண்டேன்.

"இப்ப சொல்லுங்கண்ணா" என்றாள்.

மச்சான் என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து சாவியை எடுத்து என் கைமேல் வைத்தார். முனியம்மாள் பழக்கதோஷத்தில் எனக்கு ஒரு மாலையைப் போட்டுவிட்டு, "அப்ப எடுத்துடலாங்களா?" என்று கேட்டாள்.