ராகு காலம் பார்த்த காற்றாலை

பிருந்தா செய்த தப்பு நாலே வரி நிரல். அவை இருக்க வேண்டிய இடம் அதுவல்ல என்று எழுதும்போதே அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினாள். பசி, தூக்கம், விடிந்தால் சோதனை.

பணகுடிக்கு மேற்கே பூதலிங்கம் அண்ணாச்சி ஒரு காற்றாலை நட்டிருந்தார். வயலை விற்று நட்டது. அதனால் அதற்குப் புது மாப்பிள்ளைக்குரிய மரியாதை. அதை ஆட்டுவிக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும் பாளையங்கோட்டையில் பிருந்தா இரண்டு வருஷமாக உட்கார்ந்து செய்தது. உள்ளே ஓடும் சின்ன ரியல் டைம் கெர்னலும் அதன் டிரைவர்களும், அதாவது பெட்டியை நொடி பிசகாமல் ஓட்டுகிற அடிப்படை நிரல்கள் எல்லாம், அவளே எழுதியவை. சோதனையில் தேறினால் அண்ணாச்சி நடப்போகிற இன்னும் பன்னிரண்டு காற்றாலைகளுக்கும் அவள் பெட்டிதான். தேறாவிட்டால் டென்மார்க்கிலிருந்து பெட்டி வரும், அவளுடையதில் கோழி அடைக்கலாம்.

"ஒண்ணே ஒண்ணு தாயி," என்று போன வாரம் அண்ணாச்சி சொல்லியிருந்தார். "ராகு காலத்துல மட்டும் மிசினு புறப்படக் கூடாது. அதுவா பாத்து நிக்கணும்."

சரி என்றாள். டென்மார்க்காரனுக்கு இது வராது என்று சின்ன கர்வம் வேறு.

காற்றாலையின் சுழலும் தண்டில் ஒரு பல்சக்கரம் உண்டு. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது பிராசசருக்கு ஒரு தட்டு விழும். அதன் பெயர் இன்டரப்ட். தட்டு விழுந்ததும் பிராசசர் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, பல் ஒன்று என்று எண்ணிவிட்டு, வந்த வேகத்தில் திரும்ப வேண்டும். அங்கே நின்று கதை பேசக் கூடாது. ஆற அமரச் செய்கிற வேலைகளுக்குத் தனியாக டாஸ்க் உண்டு. பிருந்தா இதைக் கல்லூரியில் போய்ப் பாடமாகவே நடத்தியிருக்கிறாள். ஆனால் சக்கரம் அசைவது முதலில் தெரிகிற இடம் அதுதானே என்று, ராகு காலம் பார்க்கிற நாலு வரியையும் அங்கேயே சொருகிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணி. ஆனி மாதக் காற்று கணவாய் வழியாக வந்து வேட்டியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. சோதிக்க ஜீப்பில் வந்திறங்கிய மின்வாரிய அதிகாரி அப்பாத்துரை, வேகம் மிஞ்சும்போது பிரேக் தானாகப் பிடிப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்து என்றார். நாலு மணிக்குமேல் அவர் இருக்கமாட்டார்.

முத்துமாலை பிரேக்கை விட்டார். இருபது வருஷம் அரிசி மில்லில் கிடந்த மெக்கானிக். மீட்டரைவிடக் காதை நம்புகிறவர். இறக்கைகள் சுழன்றன. தண்டின் வேகம் திரையில் ஏறியது. நிமிஷத்துக்கு எழுநூறு சுற்று, எண்ணூறு, தொள்ளாயிரம். அப்புறம் ஐநூறு.

"பிருந்தாம்மா, பெட்டியில எறங்குது. மேல சத்தம் ஏறுதே!"

ஏறத்தான் செய்தது. ஆயிரத்து நூறில் பிடிக்க வேண்டிய பிரேக், ஐநூறுதானே என்று சும்மா இருந்தது. பிருந்தா பாய்ந்து சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள். காற்றாலை முனகிக்கொண்டு நின்றது.

காரணம் உடனே புரிந்துவிட்டது. ஒவ்வொரு பல்லுக்கும் பிராசசர் போய்க் கடிகாரச் சிப்பிடம் கிழமையும் மணியும் கேட்கிறது. அந்தச் சிப்போ சோம்பேறி. அது பதில் சொல்வதற்குள் அடுத்த பல் போய்விடுகிறது. வேகம் கூடினால் பாதிப் பல் கணக்கிலேயே வராது.

"என்ன தாயி ஆச்சு?" என்றார் அண்ணாச்சி.

வயர் லூஸ் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"தப்பு என்னுதுதான் அண்ணாச்சி. ஒவ்வொரு பல்லுக்கும் ராகு காலமான்னு பாக்கும்படி எழுதிட்டேன். செகண்டுக்கு ஐநூறு தடவ."

"ஐநூறா? ஏம்மா, ஜோசியக்காரனே அம்புட்டு பாக்க மாட்டானே! நானே காலைல காலண்டரக் கிழிக்கையில ஒரு தடவதான் பாக்கேன்."

அப்பாத்துரை இருமுவதுபோல் சிரித்தார். பிருந்தாவுக்குக் காது சுட்டது. கொட்டகைக்குள் போய், நாலு வரியையும் பிடுங்கி ஒரு டாஸ்க்கில் போட்டு, நிரலைப் புதுச் சிப்பில் ஏற்றிக்கொண்டு வந்தாள். இனி பல்லுக்கு எண்ணிக்கை மட்டும். பிரேக்கை விடுமுன் ஒரே ஒரு தடவை ராகு காலம்.

முத்துமாலை பிரேக்கை விடுகிற பொத்தானை அமுக்கினார். பிரேக் விடவில்லை. மறுபடி அமுக்கினார். ம்ஹூம்.

மணி மூன்று நாற்பது. செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை ராகு காலம். அவளுடைய நிரல் முதல் தடவையாக ஒழுங்காக வேலை செய்கிறது, பாவி.

"ராகு காலத்த எடுத்துரலாம் அண்ணாச்சி. ஆனா இன்னொரு சிப்புல ஏத்த அரைமணி ஆகும்."

அப்பாத்துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணாச்சி காற்றைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், கடைசியில் வானத்தையும் பார்த்தார்.

"பெட்டியில மணிய மாத்த எவ்வளவு நேரமாவும்?"

"ஒரு நிமிஷம்."

"அப்ப நாலே முக்கால்னு வையி."

"அண்ணாச்சி, ராகு காலம்..."

"ராகு மேல இருக்கான். அவன்ட்ட நான் பேசிக்கிடுதேன். பெட்டிகிட்ட நீ பேசு."

பேசினாள். பிரேக் விட்டது. தொள்ளாயிரம் தாண்டியது, ஆயிரம் தாண்டியது. அவள் கை தானாகச் சிவப்புப் பொத்தானுக்குப் போனது.

"கைய எடுங்கம்மா," என்றார் அப்பாத்துரை. "அதுவா பிடிக்கணும்."

எடுத்தாள். ஆயிரத்து எண்பது. தொண்ணூறு. முத்துமாலை காதைத் தீட்டிக்கொண்டு தலையசைத்தார், திரையும் சத்தமும் ஒத்துப்போகின்றன என்று. ஆயிரத்து நூறு. மேலே தடக்கென்று ஒரு சத்தம், பிரேக் பிடித்துவிட்டது. பிருந்தாவுக்குக் கண் நிறைந்தது. இரண்டு வருஷம்! எல்லார் முன்னாலும் அழுதாள், அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை.

அப்பாத்துரை கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப் ஏறினார். அண்ணாச்சி பெட்டியை ஒரு தட்டு தட்டினார்.

"பன்னெண்டுக்கும் இதையே மாட்டிரு தாயி. ராகு காலமும் இருக்கட்டும்." குரலைத் தணித்துக்கொண்டார். "மணிய மாத்துத பொத்தான் மட்டும் எனக்குக் கைக்கு எட்டுத மாதிரி வையி."