கண்ணாடிக்காரி யாரைக் கட்டிக்கொண்டாள்

விழித்திரை கிழிவதற்கும் ஒரு நேரங்காலம் வேண்டாமா? எனக்கு அது, படித்துக்கொண்டிருந்த காதல் கதையின் அஞ்சாம் பாகத்தில் முக்கால்வாசி தாண்டும்போது கிழிந்தது. ஒரு பக்கம் மழையில் நனைந்த தேவதூதன், மறுபக்கம் நானூறு வருஷமாகத் தூங்காத ரத்தக்காட்டேரி. நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அந்தப் பெண், "யாரைக் கட்டிக்கறதுன்னு நாளைக்குச் சொல்றேன்" என்று ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டாள். பக்கத்தைப் புரட்டினேன், கண்ணுக்குள் திரை விழுந்துவிட்டது.

அறுவை முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "கண்ணுக்குள்ள வாயு அடைச்சிருக்கோம். அது மேல எழும்பி விழித்திரையை ஒட்டிப் பிடிக்கணும். அதனால நீங்க குப்புறவே இருக்கணும். சாப்பிட, பாத்ரூம் போக மட்டும் எழுந்திருங்க. படிக்கவே கூடாது."

"அந்தப் பொண்ணு நாளைக்கே பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கா டாக்டர்."

டாக்டர் என் மனைவியைப் பார்த்தார். "மயக்க மருந்து இன்னும் தெளியலை போல."

"இல்லைங்க டாக்டர். இவர் தெளிஞ்சாலே இப்படித்தான்."

நான் வேலை பார்த்தது ரத்த வங்கியில். ஓர் ஏரியையே நிரப்பும் அளவுக்கு ரத்தத்தைப் பையில் அடைத்து, சீட்டு ஒட்டி, குளிர்பெட்டியில் அடுக்கியவன். ஓய்வு பெற்றதும் மனுஷன் கோயில் குளம் போவான், தோட்டம் போடுவான். நான் காட்டேரிக் காதல் கதைகளில் விழுந்தேன். அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்காதவர் கிடையாது. சொல்கிறேன். அந்தக் காட்டேரி தினமும் பொழுது சாய்ந்ததும் கண்ணாடிக் கடைக்கு வருவான். எந்தக் கண்ணாடியிலும் அவன் தெரிய மாட்டான். ஆனாலும் ஒன்று வாங்குவான். ஒரு நாள் அவள் ஏன் என்று கேட்கிறாள். "கண்ணாடி எனக்குத் தேவையில்லை. நீ நிமிர்ந்து பார்க்கிறபோது உன் கண்ணில் நான் தெரிகிறேன்" என்கிறான். இதைப் படித்ததும் எழுந்து போய்க் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்தேன். நான் முழுசாகத் தெரிந்தேன். அவ்வளவு ஏமாற்றம் எனக்கு வாழ்க்கையில் வந்ததே இல்லை.

என் மனைவி கணக்கு டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் டீச்சர்தான். வீட்டில் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன், பாதிப் பிரியம், பாதிப் பயம். அவள் தீர்ப்பு இது: "நானூறு வயசுக் கிழவன் ஒரு சின்னப் பொண்ணு கடையைச் சுத்திச் சுத்தி வர்றான். போலீஸ்ல சொல்ல வேண்டியதைப் புத்தகமாப் போட்டிருக்காங்க."

அப்பேர்ப்பட்டவளிடம்தான் நான் படிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டி வந்தது. மேஜை விளிம்பில் தலையணையை வைத்து அதில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் குனிந்து நான். எதிரே நாற்காலியில் அவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் தரையும் அவளுடைய இரண்டு பாதங்களும். மிச்ச உலகம் காதில்தான்.

அவள் படித்த அழகு இருக்கிறதே! வினாத்தாளை வாசிப்பது மாதிரி, ஒரே சுருதியில்.

"அவன் அவளை நெருங்கினான். அவள் மூச்சு நின்றது. மறுநாள் காலை..."

"நில்லு, நில்லு. நடுவுல?"

"நடுவுல ஒண்ணுமில்லைங்க."

"தாள் புரண்ட சத்தம் கேட்டுச்சே."

"காத்துல புரண்டிருக்கும்."

"ஃபேன் ஓடவே இல்லையே டீச்சர்!"

"கண்ணுலதானே ஆபரேஷன்? காது மட்டும் எப்படி இப்படிக் கூர்மையாச்சு?"

நானும் சும்மா இருந்தேனா? காட்டேரி வாய் வைக்கும்போதெல்லாம், "குரூப் என்னன்னு கேட்டானா பாரு, பொறுப்பில்லாத பய" என்று குனிந்தபடியே குரல் கொடுத்தேன். "குடிக்கறவனுக்கு எதுக்குங்க குரூப்?" என்று அவள் புத்தகத்தை மூடுவாள். நான் கெஞ்சுவேன். அவள் திறப்பாள். இப்படியே போனால் நானும் நானூறு வயசைத் தொட்டுவிடுவேன் போலிருந்தது.

ஒரு நாள் மத்தியானத் தூக்கம் கலைந்து நான் தயாரானதும், அவள் அடையாளத்துக்கு வைத்திருந்த பஸ் டிக்கெட்டை எடுத்துவிட்டுத் தொடங்கினாள். "சிறகில்லாத தேவதூதன் பேருந்து நிறுத்தத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சிறகு எங்கே போச்சு?"

"அதான் நேத்தே போயிடுச்சே."

"எனக்கு யாரும் சொல்லலையே!"

இரண்டு பாதங்களும் மெல்ல நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன.

"அடிப்பாவி! நான் தூங்கும்போது தனியாப் படிச்சியா?"

"கொஞ்சம் பார்த்தேன்."

"டிக்கெட்டைத் தள்ளி வைக்கற அளவுக்கா? மாசக்கணக்கா என்னைக் கேலி பண்ணினியே!"

"என்ன இருக்குன்னு தெரிஞ்சாதானே ஒழுங்காத் திட்ட முடியும்?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "உங்களுக்குப் படிச்சா வரிக்கு வரி குறுக்க பேசறீங்க. எனக்கும் அது என்ன ஆச்சுன்னு தெரிய வேண்டாமா?"

பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் அவள் பின்னால் புரட்டி, சிறகு போன கதையைப் படித்தாள். கடையில் தீப்பிடிக்கிறது. பகல் வேளை, காட்டேரியால் வர முடியாது. தேவதூதன் பாய்ந்து, கண்ணாடிக்காரியைச் சிறகுக்குள் பொதிந்து வெளியே கொண்டு வருகிறான். அவளுக்கு ஒரு கீறல் இல்லை. சிறகு கருகிவிட்டது. இனி வானத்துக்கும் திரும்பிப் போக முடியாது. இந்த இடத்தை டீச்சர் வினாத்தாள் மாதிரி படிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

நூலகத்தில் அந்தப் புத்தகத்துக்குக் காத்திருந்த வரிசை அடுத்த நாட்டு எல்லைவரை நீண்டிருந்தது. எங்களுக்கு அடுத்து மருந்துக்கடைப் பெண். திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளன்று காலையில் டீச்சர் கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். கண்ணாடிக்காரி பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து வருகிறாள். அவன் பக்கத்தில் உட்காருகிறாள்.

"எனக்கு யுகயுகமா யாரும் வேண்டாம். நான் கிழவியாகும்போது கூடவே கிழவனாகற ஒருத்தன் போதும். உனக்குச் சிறகு போயிடுச்சு. இனிமே முடியும் நரைக்கும். வா போகலாம்."

அழுதேன். குனிந்தபடி அழுவதில் ஒரு வசதி, கன்னம் நனையாது, சொட்டு நேராகத் தரைக்குப் போய்விடும். மூக்கை உறிஞ்சிய சத்தத்தில் அடுத்த வரி எனக்குக் கேட்கவில்லை. தேவதூதன் ஏதோ பதில் சொன்னான். அதோடு டீச்சர் புத்தகத்தை மூடி, பையில் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டாக்டர் நிமிர அனுமதித்ததும் முதல் வேலையாகச் சொட்டு மருந்து வாங்கப் போனேன். உண்மையில் போனது வம்பு பேச. மருந்துக்கடைப் பெண் நேற்றுத்தான் முடித்தாளாம், கண் வீங்கியிருந்தது.

"நல்ல முடிவு இல்லையாம்மா? அந்தப் பஸ் ஸ்டாப்! முடியும் நரைக்கும்னு சொன்னா பாரு..."

"சார், நீங்க எந்தப் புக்கைப் படிச்சீங்க?"

"அஞ்சாம் பாகம்தான்."

"அதுல அவ காட்டேரிக்குக் கழுத்தைக் காட்டறா சார். அவளும் காட்டேரியா மாறி ரெண்டு பேரும் மலைக்குப் போயிடறாங்க. தேவதூதன் பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்தபடியே இருக்கான். யாருமே வரலை."

மாத்திரை அட்டைகளெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தன. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. டீச்சர் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னை ஏமாத்திட்டே. அஞ்சு பாகம்! அஞ்சு பாகம் காத்திருந்தேன்!"

அவள் அசரவில்லை. "மருந்துக்கடைப் பொண்ணு சொன்னாளா?"

"அப்ப நீ படிச்சது?"

"புக்குல தப்பா இருந்துச்சு. திருத்தினேன். கணக்கு முழுக்கச் சரியாப் போட்டுட்டு கடைசி வரியில கோட்டை விட்டா, அந்த வரியை மட்டும்தான் அடிப்பேன்." துணியை உதறினாள். "ஒருத்தன் சிறகு கருகி உட்கார்ந்திருக்கான், இவ மலை ஏறிப் போறாளாம். நீங்க வேற குப்புறக் கிடந்தீங்க. உங்ககிட்ட அதை எப்படிங்க வாய் விட்டுப் படிக்கறது?"

திட்ட ஆயிரம் வார்த்தை வைத்திருந்தேன். வந்தது ஒன்றுதான். "சரி, அந்தக் கடைசியை இன்னொரு தரம் சொல்லு. அவ கூப்பிட்டதும் அவன் என்னமோ சொன்னானே? எனக்குச் சரியாக் கேக்கலை."

"மறந்து போச்சு."

"மறந்து போச்சா!"

"அப்ப வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எழுதியா வச்சிருக்கேன்?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மலையேறிப் போன முடிவு எந்த நூலகத்திலும் கிடைக்கும். எனக்கு வேண்டிய முடிவு உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, அதையும் இவள் தொலைத்துவிட்டாள். சாப்பிடும்போது கேட்டேன். பாத்திரம் தேய்க்கும்போது பின்னால் போய் நின்று கேட்டேன். அவன் "வரேன்" என்றானா? "ஏன் இவ்வளவு லேட்டு" என்றானா? பொறுக்க முடியாமல் அவள் திரும்பினாள். ஈரக் கையோடு என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

தலையணை கனத்தில் அஞ்சு புத்தகம் படித்தவன். அந்தக் காட்டேரி பேசிய வசனம் அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஒன்று, ஒரே ஒன்று வாயில் வந்திருக்கக் கூடாதா? அவளோ காத்துக்கொண்டே நிற்கிறாள்.

"அடுத்த பஸ் எப்போ வரும்?" என்றேன்.

டீச்சர் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் தேய்த்த தட்டு மறுபடி தொட்டிக்குள் விழுந்தது. "அதேதாங்க! அதையேதான் அவனும் சொன்னான்."

"விளையாடாத டீச்சர். உண்மையைச் சொல்லு, அதானா?"

அவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். நான் கேட்டது எதுவுமே தன் காதில் விழவில்லை என்று இன்றுவரைக்கும் சாதிக்கிறாள்.