நீலக் கிளிப்

என் கணவர் எலிசேயோவுக்கு ஒரு கொள்கை உண்டு. பறவைக்கூட்டைப் படமெடுக்கும்போது கிளை குறுக்கே வந்தால் ஒடிக்கக் கூடாது. பக்கத்துக் கிளையோடு சேர்த்துத் துணிக் கிளிப்பால் பிடித்துவைத்து, படம் எடுத்த கையோடு கழற்றிவிட வேண்டும். "ஒடிக்கிறவன் போட்டோக்காரன் இல்ல, கசாப்புக்காரன்" என்பார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். எங்கள் பாலைவன நகரமான டூசானிலேயே ஒழுங்காக வண்டி ஓட்டியது தான் ஒருவர்தான் என்கிற நினைப்பு அவருக்கு.

கூடு இருந்தது ஒத்திலியா வீட்டுப் பின்புறத்தில், ஒரு முள்கள்ளியின் கவட்டில். ஒத்திலியா எங்கள் அடுத்த வீட்டுக்காரி, என் மகளுக்கு ஞானத்தாய். மகளுக்கு ஞானஸ்நானம் ஆன நாளிலிருந்து அவளும் நானும் ஒருவரையொருவர் 'கோமாத்ரே' என்றுதான் கூப்பிடுவோம்; என் கணவர் அவளுக்குக் 'கொம்பாத்ரே'. அந்த உறவு வந்துவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை.

எலுமிச்சம்பழ அளவுக் கூட்டில் ரீங்காரச்சிட்டு ஒன்று இரண்டு குஞ்சு பொரித்திருந்தது. சமையலறை ஜன்னலில் நின்று அதைப் பார்க்காமல் ஒத்திலியா காலைக் காப்பியைத் தொடமாட்டாள்.

"கொம்பாத்ரே, நீங்க மட்டும் கிட்டப் போகலாம். வேற எவன் கேமராவைத் தூக்கிட்டு வந்தாலும் தண்ணியைப் பீச்சி அடிச்சிருவேன்," என்று இவரிடம் சொல்லிவிட்டு அன்று வேலைக்குப் போனாள்.

குஞ்சுகளின் திறந்த வாய்க்குள் காலை வெளிச்சம் விழ வேண்டும் என்பது இவருடைய ஆசை. கூட்டுக்கு நிழல் தந்த வேலங்கிளை மறைத்தது. அவள் துணிக்கொடியிலிருந்தே ஒரு நீலக் கிளிப்பை எடுத்துக் கிளையை ஒதுக்கி மாட்டிப் படம் எடுத்தார்.

அப்போதுதான் நான் போன் செய்தேன். இந்த வீட்டுக்கு நாங்கள் வந்த நாளிலிருந்து பூக்காமல் எங்கள் முற்றத்தில் நின்ற உயரமான சகுவாரோ கள்ளி அன்றைக்குத்தான் தலையில் முதல் பூ வைத்திருந்தது.

"தேனீயா மொய்க்குது. மத்தியானம் மூடிக்கும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

"ஏணியை எடுத்து வை. இதோ வந்துட்டேன்."

வந்தார். ஏணியில் நின்று பூவை எடுத்தார், பூவுக்குள் தலைகீழாகக் கிடந்த தேனீயை எடுத்தார். சந்தோஷமாகப் பீன்ஸும் தோர்த்தியா ரொட்டியும் சாப்பிட்டார். பிறகு காலையில் எடுத்த படங்களைக் கணினியில் போட்டவர், குஞ்சுகளின் படம் வந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினார். படத்தின் ஓரத்தில் கிளிப் தெரிந்தது.

நானும் பின்னாலேயே ஓடினேன். மே மாத வெயில் நேராகக் கூட்டில் விழுந்துகொண்டிருந்தது. தாய்ச்சிட்டு விளிம்பில் நின்று சிறகை விரித்து நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. அது இருப்பதே கட்டைவிரல் அளவு, அதன் சிறகு எவ்வளவு நிழல் தரும்? ஒரு குஞ்சு கழுத்தை வெளியே தொங்கப்போட்டுச் செத்திருந்தது. மற்றது வாயைப் பிளந்தபடி கிடந்தது. கிளிப்பைக் கழற்றியதும் கிளை தன் இடத்துக்குப் போய்விட்டது.

"அதைச் சட்டைப்பையில போடுங்க. வாயைத் திறக்காதீங்க," என்றேன் நான். போன் செய்து அவசரப்படுத்தியது நான்.

சாயங்காலம் ஒத்திலியா செத்த குஞ்சைப் பூந்தொட்டியில் புதைத்தபோது அவள் தோளில் கைவைத்து நான்தான் ஆறுதல் சொன்னேன்.

"இந்த வருஷ வெயில் அப்படி, கோமாத்ரே. நாம என்ன பண்ண முடியும்."

"ரெண்டும் சேர்ந்திருக்கிற போட்டோவாவது இருக்கே. கொம்பாத்ரேயைப் பெரிசாப் போட்டுத் தரச் சொல்லு. ஜன்னல் பக்கத்துல மாட்டிக்கிறேன்."

அன்றிலிருந்து இவர் கேமராவைத் தொடவில்லை. சோறு இறங்கவில்லை. "ஓரத்தை வெட்டிட்டுக் குடுத்தா யாருக்குத் தெரியப்போகுது?" என்று நான் சொல்லிப் பார்த்தேன். போய்ப் படத்தைச் சட்டம் போடக் கொடுத்துவிட்டு வந்தார். சரி, வெட்டிவிட்டார் என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சட்டம் போட்ட படத்தோடு அவர் முன்னால் போக, தமாலே கொழுக்கட்டை நிறைந்த பாத்திரத்தோடு நான் பின்னால் போனேன். ஒத்திலியா காகிதத்தைப் பிரித்தாள். இரண்டு குஞ்சும் வாய் திறந்திருந்தன. அவற்றுக்கு மேலே, மூலையில், நீலக் கிளிப் முழுசாகத் தெரிந்தது.

"இது என் கிளிப்தானே?"

"ஆமா, கோமாத்ரே. நான்தான் மாட்டினேன். கழட்டாம ஓடிட்டேன்." சட்டைப்பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தார். வயசான மனிதர், நின்ற இடத்தில் அழுதார்.

அவள் அவரைத் திட்டவில்லை. கிளிப்பைக் கையில் எடுத்துத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மிஞ்சிய குஞ்சுக்குத் தாய் இரை ஊட்டிக்கொண்டிருந்தது. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"ஹசிந்தா, வெயில்னு நீதானே சொன்ன?"

என் மகளுக்கு இப்போது முப்பது வயது. அத்தனை வருஷத்தில் ஒத்திலியா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.